ஹாலெ மரமும் வாத்துக் குளமும்

பெங்களூருவிலிருந்து மைசூருச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னபட்டணம் இருக்கிறது. அங்கே மரப்பொம்மை கடைவோர் தாம் பயன்படுத்தும் மரத்தை 'ஹாலெ' என்கிறார்கள். ஹகரம் தேய்ந்த பேச்சில் அதுவே 'ஆலெ' ஆகிறது. அதைக் கேட்கும் தமிழ் மாணவர் ஆலமரம் என்று மயங்கக்கூடும். உண்மையில் அது பாலை. பழங்கன்னடத்தின் சொல்முதல் பகரம் பத்தாம் நூற்றாண்டளவில் தொடங்கிப் படிப்படியாக ஹகரமாகத் திரிந்தது. பால் 'ஹாலு' ஆயிற்று, பல் 'ஹல்லு' ஆயிற்று, பூ 'ஹூவு' ஆயிற்று, பாலை 'ஹாலெ' ஆயிற்று. தாவரவியலார் ரைட்டியா டிங்டோரியா என்று குறிப்பதும், தமிழ்நாட்டில் வெட்பாலை என்று வழங்குவதும் இம்மரமே. கிளையை ஒடித்தால் பால் வடியும். பெயரின் காரணமும் அதுதான்.

ஐந்திணைகளுள் ஒன்றுக்குப் பெயர் தந்த பாலை இம்மரமே என்பது பலர் ஏற்கும் கருத்து. பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிய பொழுதாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. மாசி, பங்குனியில் இலையுதிர்ந்து நின்று, வேனிலில் வெண்ணிறப் பூக்களைத் தாங்கும் இம்மரத்தைக் கண்டவருக்கு அந்த இலக்கணம் ஏட்டுச் செய்தியாகத் தோன்றாது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறும். அதாவது, பாலை என்பது ஓர் இடத்தின் பெயராக இருப்பதைக் காட்டிலும் ஒரு பருவத்தின் பெயராக இருக்கிறது. இந்தப் பழைய நுட்பத்தை இன்றைய கைவினைக் கொள்கை முற்றாக மறந்துவிட்டது என்பதே இங்கே முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

பெங்களூரு – மைசூரு சாலையின் இருபுறமும் அண்மைக் காலத்தில் 'கிராமியம்' என்ற பெயரில் பொழுதுபோக்கு இடங்கள் பெருகியுள்ளன. ஓடு வேய்ந்த முகப்பு, ஒரு குயவர் சக்கரம், ஒரு கடைசல் பட்டறை, சுற்றிலும் பூந்தோட்டம், நடுவே வாத்துக் குளம் என்று ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சு. தோட்டத்தில் ஆண்டு முழுதும் பூக்கும் காகிதப்பூச் செடிகள். குளத்தின் அடியிலும் கரையிலும் சிமெண்டுப் பூச்சு. அதில் வெள்ளை வாத்துகள் சில நீந்தும். சேறு இல்லாத குளத்தில் நத்தையும் புழுவும் நீர்ப்பூண்டும் இல்லை. ஆகவே அவ்வாத்துகள் வருவோர் இறைக்கும் தீனியை நம்பியே வாழ்கின்றன. ஆனியில் சென்றாலும் மார்கழியில் சென்றாலும் அங்கே காட்சி மாறாது. வருகையாளருக்கு அது வசதி. ஆனால் அதைக் கைவினையின் இருப்பிடம் என்று காட்டும்போது, கைவினை எதனால் ஆனது என்பதைப் பற்றிய தவறான செய்தி ஒன்றும் உடன் விற்கப்படுகிறது.

ஒரு சென்னபட்டணப் பொம்மைக்குள் எத்தனை பருவங்கள் உள்ளன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். முதலில் மரம். ஹாலெ மரத்தின் கட்டை தந்தம் போல் வெளிர்நிறமும் நெருங்கிய இழையும் கொண்டது. உளிக்கு எளிதில் இணங்கும். வெட்டிய மரத்தை உடனே கடைய இயலாது. மாதக்கணக்கில் உலர வேண்டும். கடுவெயிலில் விரைந்து உலர்ந்தால் வெடிப்பு விழும். அடைமழையில் ஈரம் தங்கினால் வெளிர்நிறக் கட்டையில் பூஞ்சணக் கறை ஏறும். எனவே எப்போது வெட்டுவது, எங்கே அடுக்குவது, எவ்வளவு நிழல் தருவது என்பனவெல்லாம் அவ்வூர் வானத்தைப் படிக்கத் தெரிந்தவரின் அறிவு.

அடுத்தது அரக்கு. சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் கோலை அழுத்த, உராய்வின் வெம்மையில் அரக்கு உருகி மரத்தின்மேல் படர்கிறது. இந்த அரக்கு தென்னாட்டில் விளைவதன்று. ஜார்க்கண்டு, சத்தீசுகரப் பகுதிகளின் பலாசு, இலந்தை, குசும் மரங்களில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பு அது. அங்குள்ள உழவர் அரக்கு விளைச்சலை நான்கு பெயர்களால் பகுக்கின்றனர்: வைசாகி, காத்கி, ஜேட்வி, அகஹனி. நான்கும் மாதப் பெயர்களிலிருந்து பிறந்தவை. ராஞ்சியில் 1924இல் நிறுவப்பட்ட அரக்கு ஆய்வுக் கழகத்தின் ஆய்வு நூல்களும் இப்பெயர்களையே கலைச்சொற்களாக ஏற்றுக்கொண்டுள்ளன. உழவர் வழங்கிய பருவச்சொல் அறிவியலின் வகைப்பாட்டுச் சொல்லாகவும் நிலைபெற்றதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது தாழை. பூசிய அரக்கை மெருகேற்றுவதற்குத் தாழை மடலைச் சுழலும் பொம்மையின்மேல் வைத்துத் தேய்க்கிறார்கள். அதன் பிறகே கண்ணாடி போன்ற பளபளப்பு வருகிறது. தாழை நீரை ஒட்டி வளர்வது. ஓடைக்கரையும் ஏரிக்கரையும் அதன் இடம். வறள்நிலத்து மரமாகிய பாலையும் நீர்க்கரைப் புதராகிய தாழையும் ஒரே பட்டறையில் சந்திக்க வேண்டுமானால், மேட்டுநிலமும் ஈரநிலமும் அடுத்தடுத்து இருக்கும் ஒரு நாட்டுப்புறம் வேண்டும். தென்கன்னட மேட்டுச் சமவெளியின் ஏரி அமைப்புதான் அதை வழங்கியது.

இங்கு நீர்நிலைச் சொற்களையும் கவனிக்க வேண்டும். கன்னடத்தில் நீர்நிலை 'கெரெ'. அதன் கரைக்குப் பெயர் 'ஏரி'. தமிழில் நீர்நிலையே ஏரி. மதகைக் குறிக்கும் 'தூபு' தமிழின் தூம்போடு உறவுடையது. மழைக்காலங்களின் பெயர்கள் இதைவிடத் தெளிவானவை. தென்மேற்குப் பருவமழைக் காலம் 'முங்காரு', அதன்பின் வருவது 'ஹிங்காரு'. முன் + கார், பின் + கார் என்று பிரித்தால் தமிழர் எவருக்கும் பொருள் விளங்கிவிடும். முன்பனி, பின்பனி என்று பனியைப் பகுத்த தமிழ், காரை அவ்வாறு பகுக்காமல் கார், கூதிர் என இரு பெயரிட்டது. இரண்டு பருவமழையும் பெறும் பெங்களூருச் சமவெளியில் கன்னடம் மழையையே முன், பின் எனப் பகுத்தது. ஒரே வேர்ச்சொல் இரண்டு நிலங்களின் வானத்துக்கேற்ப இருவேறு ஒழுங்குகளில் அமைந்திருக்கிறது. இதற்கு மேல் நுணுக்கமாக, ஞாயிறு கடக்கும் நாள்மீன்களின் பெயரால் பதின்மூன்று, பதினான்கு நாள்களுக்கு ஒரு மழை எனப் பெயரிடும் வழக்கமும் கன்னட உழவரிடம் உண்டு.

இப்பருவச் சொற்கள் பொருள்பட வேண்டுமானால் குளம் நிறையவும் வேண்டும், வற்றவும் வேண்டும். முங்காரில் நீர் ஏறத் தொடங்கும். ஹிங்காரில் நிறைந்து கோடி வழியே வழியும். பனிக்காலத்தில் மெல்ல வடியும். வேனிலில் ஏரியின் படுகை வெளிப்படும். அப்போது வண்டல் வயலுக்குப் போகும், களிமண் குயவருக்குப் போகும், ஈரப் படுகையில் கால்நடை மேயும். வாத்துகளின் வாழ்வும் இந்த ஏற்றயிறக்கத்தை ஒட்டியதே. புள்ளிமூக்கு வாத்து இவ்வட்டாரத்திலேயே தங்கி இனம்பெருக்கும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வடபுலக் குளிருக்கு அஞ்சி ஐப்பசிக்குப் பின் வந்து பங்குனியளவில் திரும்பிச் செல்லும். இவை பெரும்பாலும் முக்குளித்து இரை தேடுவன அல்ல. தலையை நீருக்குள் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி, எட்டும் ஆழத்திலிருந்து விதையும் புழுவும் எடுப்பவை. குளம் வடிந்து ஆழங்குறையும் மாதங்களிலேயே அவற்றின் விருந்து. விளிம்புவரை எப்போதும் நிறைந்திருக்கும் செங்குத்துக் கரைக் குளத்தில் அவற்றுக்கு உணவு எட்டாது.

பெங்களூருவின் ஏரிகள் பல இன்று வற்றுவதில்லை. அது வளத்தின் அறிகுறியன்று. வீட்டுக் கழிவுநீர் ஆண்டு முழுதும் வந்து சேர்வதால் அவை வற்ற வழியில்லை. பெள்ளந்தூர் ஏரி நுரைத்துத் தெருவுக்கு வந்ததையும், 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அதில் தீப்பற்றியதையும் நாடே பார்த்தது. ஏரிக்குள் நிகழ வேண்டிய பருவச் சுழற்சி அறுந்ததன் உச்சக்காட்சி அது. மறுபுறம், வறண்ட மாவட்டங்களில் வெளியிலிருந்து நீர் ஏற்றி ஏரிகளை நிரப்பும் திட்டங்கள் வந்துள்ளன. 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்குச் செல்கிறது. இத்தகைய திட்டங்களால் நிலத்தடி நீர் உயர்வதையும், உழவர் பயனடைவதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் 'ஏரி நிறைந்திருக்கிறதா' என்ற ஒரே கேள்வியால் அதன் நலத்தை அளப்பது போதாது. 'எப்போது நிறைந்தது, எப்போது வடியும்' என்று கேட்பதும் அவசியம்.

கைவினையின் நலத்தை அளப்பதிலும் இதே பிழை நிகழ்கிறது. சென்னபட்டணப் பொம்மைகள் 2005–06இல் புவிசார் குறியீடு பெற்றன. மாநில அரசின் விஸ்வா திட்டமும் நெதர்லாந்து அரசின் உதவியும் சேர்ந்து 32 கடைசல் இயந்திரங்கள் கொண்ட அரக்குக் கைவினை வளாகம் ஒன்றை அங்கே உருவாக்கின. இவை வேண்டாதவை அல்ல. போலிகளிடமிருந்து பெயரைக் காக்கவும், கைப்பட்டறையின் கடும் உழைப்பைக் குறைக்கவும் உதவியவை. எனினும் புவிசார் குறியீடு காப்பது ஒரு பெயரை. இயந்திரம் பெருக்குவது வேகத்தை. மரம் எங்கிருந்து வரும், தாழை எங்கே வளரும் என்பவை இரண்டின் எல்லைக்கும் வெளியே நிற்கின்றன. 'புவிசார்' என்ற அடைமொழியில் புவி இருக்கிறது. ஆனால் ஒரு மரத்தை நடும் கடமையைக்கூட அந்தப் பதிவு எவர்மீதும் சுமத்தவில்லை.

இதற்கிடையே நிலத்தின் மதிப்பும் பெயரும் மாறிவருகின்றன. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட ஏறத்தாழ 118 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலை சென்னபட்டணத்தைப் புறவழியில் கடந்துவிடுகிறது. பழைய சாலையோரம் வண்டி நிறுத்திப் பொம்மை வாங்கிய வழிப்போக்கரை நம்பியிருந்த கடைகளுக்கு அது பெரும் அடி. 2025 மே மாதம் இராமநகர மாவட்டத்தைப் 'பெங்களூரு தெற்கு' எனப் பெயர் மாற்றக் கர்நாடக அமைச்சரவை முடிவெடுத்தது. சென்னபட்டணம் அம்மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று. ஆங்கிலேயர் காலத்தில் 'குளோஸ்பேட்டை' என்று ஓர் அதிகாரியின் பெயரால் வழங்கிய ஊர் பிறகு இராமநகரம் ஆயிற்று. இப்போது அம்மாவட்டத்துக்கே ஒரு மாநகரிலிருந்து பார்த்த திசை பெயராகிறது. முதலீடு வரும், வேலை பெருகும் என்று ஆதரிப்போர் சொல்வது உண்மையாகலாம். ஆனால் ஊரை நகரத்தின் திசையாக எண்ணத் தொடங்கினால் வேலியோரப் பாலையும் கரையோரத் தாழையும் முதலில் கணக்கிலிருந்து விடுபடும். ஏனெனில் வீட்டுமனை வரைபடத்தில் அவற்றுக்கு நெடுவரிசை இல்லை.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கைவினைஞருக்கு வேண்டியது வருமானம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம். பூவும் வாத்தும் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தோரின் ஏக்கம் என்பது அம்மறுப்பு. கைவினை மாறாமல் இருந்ததும் இல்லை. திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கலைஞர் வந்தனர் என்று மரபு சொல்கிறது. பின்னர் பவாஸ் மியான் என்பவர் ஜப்பானிய நுட்பங்களைக் கற்றுவந்து இத்தொழிலைச் செப்பனிட்டதாக ஊர் நினைவில் வைத்திருக்கிறது. கைக்கடைசல் போய் மின்கடைசல் வந்தது. இன்று ரப்பர் மரமும் வேறு மரங்களும் பட்டறைக்குள் நுழைந்துள்ளன. மரம் மாறினால்தான் என்ன?

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மாற்றத்தைத் தடுப்பது எவருடைய வேலையும் அன்று. ஆனால் வருமானத்தையும் பருவத்தையும் எதிரெதிரே நிறுத்துவதில்தான் பிழை இருக்கிறது. வாங்கும் மரத்துக்கும் அரக்குக்கும் விலை ஏற ஏற, கடைபவரின் கூலியே சுருங்குகிறது. வீட்டருகே பாலை இருந்தவருக்குப் பாதி மூலப்பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அது இல்லாதவர் வணிகரின் தயவில் நிற்கிறார். வெட்பாலை வெட்டிய அடியிலிருந்தே மறுபடி தழைக்கும் இயல்புடையது. முறை வைத்து வெட்டினால் ஒரு தோப்பு பல தலைமுறைக்குப் பயன்படும். அதன் இலையிலிருந்து ஒரு காலத்தில் அவுரியை ஒத்த நீலச்சாயமும் எடுக்கப்பட்டது. 'டிங்டோரியா' என்ற இலத்தீன் அடைமொழியே சாயத்தைக் குறிப்பது. தோட்டம் என்பது பட்டறைக்குப் போடும் அலங்கார வேலி என்ற எண்ணத்தை விட்டால், அது பட்டறையின் முதலீடு என்பது புலப்படும்.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்காவிலும் இதே மரத்தில்தான் அரக்குப் பொம்மை கடைகிறார்கள். தெலுங்கில் அதன் பெயர் 'அங்குடு'. அங்கே சி. வி. ராஜு வேதிச்சாயங்களுக்கு மாற்றாகத் தாவரச் சாயங்களைத் தேடி மீட்டெடுத்தார். அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. விதை, வேர், பட்டை, இலை ஆகியவற்றிலிருந்து நிறம் எடுக்கத் தொடங்கியதும் அக்கைவினை தன் சுற்றுப்புறத்தின் தாவரங்களை மீண்டும் அறிய நேர்ந்தது. குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைக்கு நச்சற்ற நிறம் வேண்டும் என்ற சந்தைத் தேவையே அதற்குத் துணைநின்றது. வருமானமும் பருவ அறிவும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இன்னும் பழைய முன்மாதிரி ஸ்ரீநிகேதன். சாந்திநிகேதனுக்கு அருகில் சுருல் என்னும் ஊரில் 1922இல் தாகூரும் லெனார்டு எல்ம்ஹர்ஸ்டும் தொடங்கிய ஊரக மறுமலர்ச்சி நிறுவனம் அது. உழவும் கைத்தொழிலும் அங்கே ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. 1928இல் மரநடுவிழா சாந்திநிகேதனிலும் ஏர்பூட்டும் விழா ஸ்ரீநிகேதனிலும் தொடங்கின. அவற்றை வெறும் சடங்கு என்று ஒதுக்குவது எளிது. ஒரு கைத்தொழிற்கூடம் தன் கல்வியாண்டுக்குள் மழையின் தொடக்கத்தை எழுதிவைத்தது என்பதே அதில் கற்க வேண்டியது.

ஆகவே, பெங்களூருவைச் சுற்றி இனி எழும் ஒவ்வொரு கைவினை மையத்திலும் மூன்றைக் கட்டாயமாக்கலாம். முதலாவது, காட்சித் தோட்டத்துக்குப் பதிலாகப் பயன்தோட்டம்: மேட்டில் பாலை, கரையில் தாழை, பாத்தியில் மஞ்சளும் அவுரியும். இரண்டாவது, சிமெண்டுப் பூச்சு இல்லாத, சரிவான கரையுடைய, வேனிலில் வடிய விடப்படும் குளம். வேனிலில் அது அழகாக இராது. வருகையாளர் முகம் சுளிக்கலாம். குளம் சேறாகக் கிடக்கும் மாதங்களில் களிமண் எடுப்பதைக் காட்டலாம், ஐப்பசிக்குப் பின் காட்டுவாத்து வந்திறங்குவதைக் காட்டலாம். மூன்றாவது, அம்மையத்தின் சுவரில் ஒரு பருவ நாள்காட்டி. அதை அலுவலர் எழுதக் கூடாது. கடைபவரும் உழவரும் மீனவரும் தம் சொல்லில் சொல்ல, மாணவர் எழுத வேண்டும்.

இம்மூன்றாவது பணியில் மொழியியல் துறைகளுக்கு நேரடிப் பொறுப்பு உண்டு. பெங்களூருவிலும் தமிழ்நாட்டிலும் கைவினைச் சொற்களைத் தொகுத்த ஆய்வேடுகள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கருவிப் பெயர்களின் பட்டியல்களாகவே நின்றுவிடுகின்றன. உளியின் பெயர் இருக்கும். அந்த உளி எந்த மாதம் ஓய்ந்திருக்கும் என்பது இராது. மரத்தின் பெயர் இருக்கும். அதை எப்போது வெட்டக் கூடாது என்பது இராது. அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைவோரும், சென்னபட்டணத்தில் பொம்மை கடைவோரும், ஏட்டிகொப்பாக்காவில் அங்குடு கடைவோரும் மூன்று திராவிட மொழிகளில் ஏறக்குறைய ஒரே தொழிலைச் செய்கிறார்கள். இம்மூன்று ஊர்களின் பருவச் சொற்களையும் அருகருகே வைக்கும் ஓர் ஒப்பாய்வு நல்ல முனைவர் பட்டப் பொருளாகும். அதைவிட முக்கியமாக, கைவினைக் கொள்கை வகுப்போர் மேசையில் வைக்கத்தக்க ஆவணமாகவும் அமையும்.

ஹாலெ என்ற சொல்லை அகராதி காப்பாற்றிவிடும். அதைப் பற்றிக் கவலையில்லை. அச்சொல்லைச் சொல்லும்போது கை நீட்டிக் காட்ட ஒரு மரம் இருக்க வேண்டும். இன்று நடும் கன்று கடைசலுக்கேற்ற பருமன் அடையச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், இதில் ஒவ்வோர் ஆண்டின் தாமதமும் கணக்கில் சேரும். குழி வெட்டும் வேலையை அடுத்த முங்காருக்கு முன்பே தொடங்கிவிடலாம்.